புழுவுக்குக் கணக்கு தெரியுது, நமக்கும் தெரியணும்!

(பெரம்பலூர் மாவட்டப் பருத்தி விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை. பருத்தி எடுப்பு வேலையால் வர முடியாதவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக அச்சிடப்படுகிறது. படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.)

அன்பார்ந்த விவசாயப் பெருங்குடி மக்களே! தாய்மார்களே! களை வெட்டவும் பருத்தி எடுக்கவும் நம்மோடு காட்டில் நிற்கும் கூலித் தொழிலாளர்களே! 

வழக்கமா நம்ம கூட்டத்துல விலையைப் பத்திப் பேசுவோம், கடனைப் பத்திப் பேசுவோம், கரண்டைப் பத்திப் பேசுவோம். இன்னைக்கு ஒரு புழுவைப் பத்திப் பேசப் போறோம். என்னடா செயலாளர் சங்க வேலையை விட்டுட்டு வேளாண்மை ஆபீசர் வேலை பார்க்க வந்துட்டாரான்னு சிரிக்காதீங்க. இந்தப் புழுவுக்குப் பின்னாடி விலையும் இருக்கு, கடனும் இருக்கு, அரசாங்கமும் இருக்கு. கடைசிவரை கேளுங்க.

இளஞ்சிவப்புக் காய்ப்புழு. நாம ரோஸ் புழுன்னு சொல்றோம். காயை வெளியே பார்த்தா நல்லாத்தான் இருக்கும். உடைச்சுப் பார்த்தா உள்ளே பஞ்சு கறை பிடிச்சு, கொட்டை சொத்தையாகி, சுளை சுளையா வெடிக்காம நிக்கும். எடுப்புக்குப் போன பொம்பளைங்க ஒரு நாள் முழுக்க எடுத்தாலும் மடி நிறையாது. எடுத்ததையும் ஏலத்துல "கறைப் பருத்தி"ன்னு ஒதுக்கி வைப்பாங்க. இந்த வருஷம் எத்தனை பேர் காட்டுல இது நடந்திருக்கு? கையைத் தூக்குங்க. பாருங்க, தூக்காத கையை எண்ணுறதுதான் சுலபம்.

விதைக்குள்ளேயே மருந்து இருக்குன்னாங்க

2002-ல் பி.டி. பருத்திக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்துச்சு. 2006-ல் ரெண்டு மரபணு வச்ச ரெண்டாவது ரகம் வந்துச்சு. இனிமே காய்ப்புழு பயமே இல்லைன்னு சொல்லி வித்தாங்க. முதல்ல சில வருஷம் உண்மையிலேயே பயன் இருந்துச்சு, அதை மறைக்க வேண்டியதில்லை. பச்சைக் காய்ப்புழுவுக்கு வாரம் ஒரு முறை அடிச்சுக்கிட்டு இருந்த நமக்கு மூச்சு விட நேரம் கிடைச்சுது.

ஆனா குஜராத்துல முதல் ரகத்துக்கு ரோஸ் புழு அசையலைன்னு 2010-லயே அந்த விதைத் தொழில்நுட்பத்துக்குச் சொந்தக்காரக் கம்பெனியே ஒப்புக்கிட்டுது. அடுத்த சில வருஷத்துல ரெண்டாவது ரகத்தையும் புழு தாண்டிருச்சு. 2017-ல் மகாராஷ்டிரா முழுக்க அடி. 2021-ல் பஞ்சாப்ல பட்டிண்டா, மான்சா மாவட்டங்கள்ல அடி.  2025-26 பருவத்துக்கு ஒரு பாக்கெட் உச்ச விலை 901 ரூபாய்னு அரசாங்கமே நிர்ணயம் பண்ணுச்சு. ரோஸ் புழுவைத் தடுக்க முடியாத மரபணு வச்ச விதைக்குத்தான் அந்தக் காசு.

சரி, விதை கைவிட்டுருச்சு. அப்போ புழுவோட பிழைப்பு எப்படி நடக்குதுன்னு நாமதான் தெரிஞ்சுக்கணும்.

புழுவோட கூலிக் கணக்கு

நம்ம உடம்பு சூடு வெயில்லயும் குளிர்லயும் ஒரே அளவுல நிக்கும். பூச்சிக்கு அப்படி இல்லை. வெளியில என்ன சூடோ அதுதான் அதுக்குள்ளேயும். சூடு இருந்தா வளரும், குளிர்ந்தா நின்னுடும்.

இதை நம்ம கூலிக் கணக்கா வச்சுப் பார்ப்போம். ரோஸ் புழுவுக்கு 13 டிகிரிதான் தொடக்கக் கோடு. அதுக்குக் கீழே போனா அன்னைக்கு வேலை இல்லை, கூலி இல்லை, வளர்ச்சி நின்னுடும். 13-க்கு மேல ஒவ்வொரு டிகிரியும் அதுக்குக் கூலி. பகல் சூட்டையும் ராத்திரிச் சூட்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா அன்னைய சராசரி. அதுல 13-ஐக் கழிச்சா அன்னைய கூலி. முட்டையில இருந்து தாய்ப் பூச்சி ஆகறவரைக்கும் தோராயமா 480 கூலி சேரணும்னு வச்சுக்குவோம். இடத்துக்கு இடம் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், கணக்குப் புரிஞ்சா போதும்.

சராசரி 21 டிகிரின்னா ஒரு நாள் கூலி 8. 480 சேர 60 நாள் ஆகும்.

சராசரி 25 டிகிரின்னா ஒரு நாள் கூலி 12. 40 நாள்ல முடிஞ்சுடும். நம்ம மார்கழி, தை ஏறக்குறைய இப்படித்தான்.

சராசரி 29 டிகிரின்னா ஒரு நாள் கூலி 16. 30 நாள் போதும். மாசி கடைசி, பங்குனியில இதுதான் நிலைமை.

முட்டை பொரியறதும் இப்படியே. சூடான நாள்ல மூணு நாலு நாள்ல பொரியும். குளிர்ல ஒரு வாரத்துக்கு மேலயும் இழுக்கும்.

இப்போ பெருக்கத்தைப் பாருங்க. ஒரு தலைமுறைக்கு அஞ்சு மடங்கு பெருகுதுன்னு பேச்சுக்கு வச்சுக்குவோம். சப்பை விட்டதில இருந்து மூணு தலைமுறை ஓடினா ஒண்ணு 125 ஆகும். நாலு தலைமுறை ஓடினா 625. "முதல் எடுப்பு நல்லா இருந்துச்சு, ரெண்டாவது எடுப்பு பரவாயில்லை, மூணாவது எடுப்புல எல்லாம் போச்சு"ன்னு நாம சொல்றோமே, அதுக்கு இதுதான் காரணம். மூணாவது எடுப்பு அன்னைக்குப் புதுசா வந்த புழு இல்லை அது. ஐப்பசியில முதல் சப்பையில உட்கார்ந்த புழுவோட பேரன் பேத்திங்க.

வெயில் கூடினா யாருக்கு லாபம்?

1901-ல் இருந்து 2018 வரைக்கும் இந்தியாவோட சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி கூடியிருக்குன்னு மத்திய அரசோட அறிக்கையே சொல்லுது. 1901-ல் இருந்து எடுத்த கணக்குல அதுவரைக்கும் அதிக சூடான வருஷம் 2024-ன்னு வானிலைத் துறை அறிவிச்சுது. 0.7 டிகிரி என்ன பெரிய சூடுன்னு தோணும். 25 டிகிரி 25.7 ஆனா புழுவுக்கு ஒரு தலைமுறைக்கு ரெண்டு நாள் மிச்சம். மூணு தலைமுறைக்கு ஆறு நாள். பிடுங்கறதுக்குள்ள அடுத்த தலைமுறை முட்டை வைக்க அந்த ஆறு நாள் சில வருஷம் போதும்.

ஆனா சூடு ஏறிக்கிட்டே போனா புழுவும் ஏறிக்கிட்டே போகும்னு இல்லை. 35 டிகிரியைத் தாண்டி நிலையா நின்னா பூச்சி முட்டை வைக்கறது குறையும், வச்ச முட்டையும் சரியாப் பொரியாது. உதிர்ந்த சப்பை காஞ்ச மண்ணு மேல கிடந்தா வெயில்ல புழு உள்ளேயே வெந்து செத்துப்போகும். சித்திரையில கோடை உழவு ஓட்டச் சொன்ன நம்ம அப்பன் பாட்டனுக்கு இந்த டிகிரிக் கணக்கு தெரியாது. ஆனா மண்ணைப் புரட்டி வெயில்ல போட்டா கூட்டுப்புழு சாகும்னு தெரிஞ்சிருந்துச்சு.

வெயில் மேல மட்டும் பழியைப் போட்டுட்டு நாம தப்பிச்சுக்கவும் முடியாது. அடுத்து அதைத்தான் சொல்லப் போறோம்.

நமக்கு இல்லாத குளிர்காலம்

குளிர் நாட்டுல பனி விழுந்தா புழுவுக்கு நாலஞ்சு மாசம் கூலி இல்லை. காய் இல்லை, செடி இல்லை, சூடு இல்லை. நம்ம ஊர்ல சராசரி எந்த மாசமும் 13-க்குக் கீழே இறங்கறது இல்லை. வருஷம் 365 நாளும் புழுவுக்கு வேலை நாள்தான். அதை நிறுத்தக் கூடியது ஒண்ணே ஒண்ணுதான்: தின்ன காய் இல்லாம போறது.

பகல் குறைஞ்சு குளிர் தட்டற காலத்துல ரோஸ் புழுவுல ஒரு பகுதி உறக்கத்துக்குப் போகும். ரெண்டு கொட்டையை ஒண்ணா ஒட்டி நடுவுல சுருண்டு மாசக்கணக்குல கிடக்கும். வடக்கே இது அதிகம். நம்ம பக்கம் சூடு இருக்கறதால பெரும்பகுதி உறங்காம அடுத்த காயைத் தேடிப் போகும். உறங்கினதும் சரி, உறங்காததும் சரி, தாய்ப் பூச்சியா வெளியே வந்தா அதுக்கு ஆயுசு ரெண்டு வாரம், மிஞ்சினா இன்னும் சில நாள். அந்த நேரத்துல சப்பையோ காயோ இல்லைன்னா முட்டை வைக்க இடம் இல்லாம செத்துப்போகும். அதோட வம்சம் அங்கேயே முடியும்.

நாம என்ன பண்றோம்? மானாவாரியில ஆவணி, புரட்டாசியில போட்ட பருத்தியைத் தையில பிடுங்க வேண்டியது. ஒரு மழை பெய்ஞ்சு நாலு துளிர் விட்டா, "இன்னும் பத்து கிலோ வரும், நிக்கட்டும்"னு பங்குனி வரைக்கும் விடறோம். அதுக்குள்ள கிணத்துப் பாசனக்காரங்க மாசிப்பட்டம் போட்டு அது சப்பைக்கு வந்துடும். இந்தக் காட்டுப் பூச்சி அந்தக் காட்டுக்குக் குடி போயிடும். அது முடியறப்போ ஆவணிப் பருத்தி தயாரா நிக்கும். நாமளே புழுவுக்கு வருஷம் முழுக்கச் சத்திரம் கட்டிச் சோறு போட்டுக்கிட்டு இருக்கோம்.

யாரையும் குத்திக்காட்டிப் பேசலை. போன வருஷம் சங்க நிர்வாகிகள் நம்ம காட்டுலயே மார் பங்குனி வரைக்கும் நின்னுச்சு. விலை ஏறும், ஒரு எடுப்பு எடுத்துக்கலாம்னு நினைச்சோம். எடுத்த பருத்தி எடுப்புக் கூலிக்கே காணலை. பக்கத்து மாசிப்பட்டக் காட்டுக்காரர், நமக்கு மாமன் முறை, நேரா வந்து கேட்டார்: "ஏன் மாப்ள, மேடையில ஒத்துமைன்னு பேசற, உன் காட்டுப் புழுவை என் காட்டுக்கு அனுப்பி வைக்கறியே?" பதில் சொல்ல முடியலை. அந்தக் கேள்வியில இருந்துதான் இந்தக் கூட்டமே வந்துச்சு.

தேதி பார்த்து அடிக்காதீங்க

பத்து நாளைக்கு ஒரு தரம் அடின்னு கடையில சொல்வாங்க. புழு நாள்காட்டி பார்க்கறது இல்லை, சூட்டைப் பார்க்குது. முட்டையில இருந்து வந்த புழு சில மணி நேரத்துல காய்க்குள்ள புகுந்துடும். உள்ளே போனபிறகு எத்தனை டேங்க் அடிச்சாலும் அதுக்குப் படாது. நம்ம நுரையீரலுக்குத்தான் படும். 2017-ல் மகாராஷ்டிரா யவத்மால்லயும் நம்ம பெரம்பலூர்ப் பக்கத்துலயும் ஆள் உயரப் பருத்திக்குள்ள நின்னு மருந்தடிச்சவங்க உயிரை விட்டாங்க. அதை மறந்துடக் கூடாது.

செய்ய வேண்டியது இதுதான். விதைச்சு 45 நாள் ஆனதும் ஏக்கருக்கு ரெண்டு இனக்கவர்ச்சிப் பொறி கட்டுங்க. தினமும் காலையில விழுந்த பூச்சியை எண்ணுங்க. ஒரு பொறியில ஒரு நாளைக்கு 8 பூச்சி, தொடர்ந்து மூணு நாள் விழுந்தா அது எச்சரிக்கை. ரோஜா மொட்டு மாதிரி இதழ் ஒட்டிக்கிட்டு விரியாத பூ இருந்தா பறிச்சு நசுக்குங்க. காய் பிடிச்சதும் வாரம் ஒரு தரம் அங்கங்கே 20 பச்சைக் காயைப் பறிச்சு உடைச்சுப் பாருங்க. ரெண்டு காயில புழு இருந்தா மருந்து அடிக்கற நிலைமை வந்துடுச்சுன்னு அர்த்தம். என்ன மருந்து, எவ்வளவு அளவுன்னு வேளாண் விரிவாக்க மையத்துல எழுதி வாங்கிட்டுப் போய்க் கடையில நீட்டுங்க. கடைக்காரர் கலந்து கொடுக்கற "காக்டெய்ல்" வேண்டாம். சின்னச் செடியிலயே வீரியமான செயற்கை பைரித்ராய்டு மருந்தை அடிச்சா நன்மை செய்யற பூச்சி செத்து வெள்ளை ஈ வந்து உட்காரும்.

டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டை கிடைச்சா சாயங்காலம் கட்டுங்க. உச்சி வெயில்ல கட்டினா புழுவோட முட்டையை அழிக்க வேண்டியது தானே செத்துப்போகும்.

மாரைப் பிடுங்கறதுல ஒரு நியாயம் இருக்கணும்

இந்த வருஷம் சங்கம் வைக்கற தீர்மானம் ஒண்ணுதான். மாசி 15-க்குள்ள நம்ம வட்டாரத்துல எந்த மானாவாரிக் காட்டுலயும் பருத்திமார் நிக்கக் கூடாது. மாசிப்பட்டச் செடி பங்குனிக் கடைசியில சப்பை விடறதுக்குள்ள பழைய பூச்சி பட்டினியில போய்ச் சேரணும்.

பிடுங்கறதுக்கு முன்னாடி ஆட்டை ஓட்டி மேய விடுங்க. மிச்சப் பச்சைக் காயை அது தின்னுடும். நம்ம தாய்மார்கள் கேட்கறது நியாயமான கேள்வி: "மாரை எரிச்சுட்டா அடுப்புக்கு என்ன பண்றது?" மாரை எரிக்க வேண்டாம். அதுல ஒட்டியிருக்கற காஞ்ச காயையும் வெடிக்காத காயையும் உதிர்த்து எடுத்து அழிச்சுட்டு, வெறும் மாரை அடுக்குங்க. காயோட அடுக்கின மார்ப் போர்தான் வீட்டு வாசல்லயே இருக்கற புழுக் கிடங்கு. வரப்புல நிக்கற துத்தியையும் பிடுங்கிடுங்க. அதுலயும் புழு தங்கும்.

ஒருத்தர் பிடுங்கி ஒருத்தர் விட்டா பிரயோசனம் இல்லை. பூச்சிக்குப் பட்டா எண் தெரியாது. அமெரிக்காவுல 1917-ல் டெக்சாஸ்ல நுழைஞ்ச இந்தப் புழுவை 2018-ல் பருத்தி விளையற மாநிலங்கள்ல இருந்து ஒழிச்சாச்சுன்னு அறிவிச்சாங்க. பி.டி. விதை, மலட்டுப் பூச்சி, இனக்கவர்ச்சி, மாரை உழுது அழிக்கறது, எல்லாத்தையும் வட்டாரம் வட்டாரமா, ஒரே நேரத்துல செஞ்சாங்க. எகிப்துல ஜின்னிங் ஆலையில விதையைச் சூடேத்தி உள்ளே இருக்கற புழுவைக் கொல்லணும்னு சட்டமே போட்டாங்க. நம்ம சென்னை மாகாணத்துல 1919-லயே பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம் வந்து, கோயம்புத்தூர்ப் பக்கம் கம்போடியா பருத்தியைக் குறிச்ச தேதிக்குள்ள பிடுங்கணும்னு உத்தரவு போட்டாங்க. காயைக் காட்டுல இல்லாம பண்ணணும்கற விஷயம் நூறு வருஷத்துக்கு முந்தியே தெரியும்.

ஆனா வெள்ளைக்காரன் உத்தரவு போட்டான். நாம உத்தரவு கேட்கலை, நியாயம் கேட்கறோம். கடைசி எடுப்பை விட்டுக்கொடுக்கறது அஞ்சு ஏக்கர்க்காரருக்குச் சின்ன விஷயம். முக்கால் ஏக்கர் வச்சுக்கிட்டு, கடைசி எடுப்பை நம்பி சீட்டுப் பணம் கட்டற பெண்ணுக்கு அது பெரிய விஷயம். அவங்க விட்டுக்கொடுக்கறதால வட்டாரத்துக்கே நன்மை. அப்போ நஷ்டத்தை அவங்க தலையில மட்டும் கட்டறது எந்த ஊர் நியாயம்? மார் பிடுங்கற கூலியை அரசாங்கம் கொடுக்கணும்.

பூச்சி விழுந்தா நிவாரணம் கிடையாதுன்னு அலுவலகத்துல சொல்வாங்க. நம்பாதீங்க. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியோட விதியிலேயே புயல், வெள்ளம், வறட்சியோட பூச்சித் தாக்குதலும் பேரிடர்னு எழுதியிருக்கு. 33 சதவீதத்துக்கு மேல சேதம்னா இடுபொருள் உதவி உண்டு. 2022-ல் போட்ட விகிதப்படி மானாவாரிக்கு எக்டேருக்கு 8,500 ரூபாய், பாசனத்துக்கு 17,000 ரூபாய். 2018-ல் நம்ம மக்காச்சோளத்துல படைப்புழு விழுந்தப்போ விவசாயிகள் விடாம கேட்டோம், அரசாங்கம் நிவாரணம் அறிவிச்சுது. சோளப் புழுவுக்கு உள்ள நியாயம் பருத்திப் புழுவுக்கும் உண்டுதானே?

விலையையும் சொல்லிடறோம். 2025-26-க்கு மத்திய ரகப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாய், நீண்ட இழைக்கு 8,110 ரூபாய் ஆதரவு விலைன்னு அறிவிச்சாங்க. அதே 2025-ல் ஆகஸ்ட் 19-ல் இருந்து டிசம்பர் 31 வரைக்கும் வெளிநாட்டுப் பஞ்சுக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை எடுத்தாங்க. ஒரு கையால விலை, மறு கையால வெட்டு. புழு தின்னது போக மிச்சத்துக்காவது விலை வேண்டாமா?

நம் கோரிக்கைகள்

1. மாசி 15-க்குள் பருத்திமாரை அகற்றும் சிறு, குறு விவசாயிகளுக்கு ஏக்கர் கணக்கில் பிடுங்கு கூலியை அரசு வழங்க வேண்டும். மார் தூளாக்கும் இயந்திரத்தை ஊராட்சிதோறும் குறைந்த வாடகைக்குத் தர வேண்டும்.

2. ஒவ்வொரு ஊராட்சியிலும் அன்றாட உச்ச, குறைந்த வெப்பநிலையையும் பொறியில் விழுந்த பூச்சி எண்ணிக்கையையும் பலகையில் எழுதிப் போட வேண்டும்.

3. இனக்கவர்ச்சிப் பொறி, ஒட்டுண்ணி அட்டை, மருந்தடிப்பவருக்கான முகக்கவசம், கையுறை ஆகியவற்றை விரிவாக்க மையத்தில் சப்பைப் பருவத்துக்கு முன்பே மானியத்தில் தர வேண்டும். காய் வெடித்த பிறகு வரும் பொறி எங்களுக்கு வேண்டாம்.

4. ஜின்னிங் ஆலைகளிலும் விற்பனைக்கூடங்களிலும் பொறி கட்டி, கழிவுக் கொட்டையை உடனுக்குடன் அழிக்க வேண்டும்.

5. ஒரே நேரத்தில் காய்த்து முடியும் குறுகிய காலப் பருத்தி விதையை அரசே உற்பத்தி செய்து வழங்க வேண்டும்.

6. காய்ப்புழு சேதத்தைக் கிராம அளவில் கணக்கெடுத்து, பேரிடர் நிதியிலிருந்து நிவாரணம் தர வேண்டும்.

7. ஆதரவு விலைக்குக் குறையாமல் விற்பனைக்கூடத்திலேயே நேரடிக் கொள்முதல் செய்ய வேண்டும்.

உழவர் பெருமக்களே! இந்த மாதம் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளன்று காலை பத்து மணிக்கு அலுவலக வாசலில் கூடுவோம். ஒவ்வொருவரும் உங்க காட்டுல பறிச்ச 20 காயைத் துணியில முடிஞ்சு எடுத்துட்டு வாங்க. அதிகாரி முன்னாடி உடைச்சுக் காட்டுவோம். மனுவை ஓரமா வைக்கலாம், மேசை மேல ஊர்ற புழுவை ஓரமா வைக்க முடியாது.

அதுக்கு முன்னாடி நம்ம பங்கை நாம செய்யணும். அரசாங்கம் கூலி கொடுக்கட்டும்னு காத்திருக்க வேண்டாம். வர்ற ஞாயித்துக்கிழமை முதல் மார் சங்க நிர்வாகிகள் காட்டுல பிடுங்கறோம். அப்புறம் முறை வச்சு, மொய் ஆள் மாதிரி, ஒருத்தர் காட்டுக்கு ஒருத்தர் போவோம். முக்கால் ஏக்கர்க்காரங்க காடுதான் முதல்ல. மாமன் இனிமே நம்ம வீட்டு வாசல்ல வந்து அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.

கூடுவோம்! காயோடு வருவோம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!